யார் கை காட்டினாலும்

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், என் வீட்டுக்குள்ளேயே என்னால் போக முடியவில்லை. ஜன்னல் கம்பியிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும், அங்கிருந்து கட்டில் கால் வரைக்கும் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நாடா இழுத்துக் கட்டியிருந்தது. கட்டடம் கட்டுகிற இடங்களில் உள்ளே யாரும் வந்துவிடக் கூடாதென்று கட்டி வைப்பார்களே, அதே நாடா. அதற்கு நடுவில் பாயை விரித்துப்போட்டு என் வீட்டுக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் ஹெல்மெட் மட்டும்தான் பாக்கி. நாடாவுக்கு வெளியே, சுவரோடு சுவராக, பள்ளிக்கூடப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகள் நின்றிருந்தாள்.

"என்னங்க இது கூத்து?"

"விளையாடுற இடம். அந்த நேரத்துல யாரும் குறுக்க வரக்கூடாதுன்னு வகுப்புல சார் சொன்னாரு. அதான் கட்டினேன்."

"விளையாட வேண்டியவளே வெளியதான நிக்கிறா?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டார். "நாடா கட்டியிருந்தா உள்ள கால் வைக்கக் கூடாதுன்னு நான்தான் அவளுக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. குனிந்து நாடாவுக்குள் நுழைந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். மகள் அப்போதும் உள்ளே வரவில்லை.

அவருக்குக் கிரேனுக்குச் சைகை காட்டுகிற வேலை. கிரேனை ஓட்டுகிறவர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பார். கீழே நடப்பதில் பாதி அவருக்குத் தெரியாது. கீழே நிற்கிற இவர்தான் அவருக்குக் கண். எங்கள் வீட்டில் 'மேல இருக்கிறவர்' என்றால் கடவுள் இல்லை, அந்த ஆபரேட்டர் அண்ணன்தான். இவர் கையைத் தூக்கி விரலைச் சுற்றினால் இரும்புக் கட்டு மேலே போகும், கீழே நீட்டிச் சுற்றினால் இறங்கும். கை தெரியாத மூலைகளுக்கு வாக்கிடாக்கி. அதில் பேசுவதற்கும் நாலைந்து வார்த்தைகள்தான். தூக்கு. இறக்கு. மெதுவா. நில்லு. 'கொஞ்சம் தூக்குங்களேன், புண்ணியமாப் போகும்' என்று இழுத்துக்கொண்டிருந்தால் அதற்குள் யார் தலையிலாவது இறங்கிவிடும். சரி, வேலை அப்படி. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றிப் போடுகிறவருக்கு அந்தக் குரலைக் கழற்றிப் போடத் தெரியவில்லை. தண்ணி. டிவியைக் குறை. தள்ளு. படி. கல்யாணமான புதிதில், இந்த ஆள் என்னையும் ஏதோ இரும்புக் கட்டு என்று நினைத்துக்கொண்டாரோ என்று எனக்குச் சந்தேகமே வந்திருக்கிறது. எனக்கு வாய் உண்டு, ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மகள் என்ன செய்வாள், பாவம்.

அவளை அவர் ஒருநாளும் அடித்ததில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். ஆனால் ஆணியில் ஹெல்மெட் மாட்டுகிற சத்தம் கேட்டதும், அதுவரை ஏதாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டிருக்கிற பிள்ளையின் வாய் மூடிக்கொள்ளும். ஒருநாள் சார்ஜில் போட்டிருந்த வாக்கிடாக்கியை எடுத்துப் பார்க்கப் போய், அது அவள் கையிலிருந்து நழுவியது. "ஏய்!" என்றார். தூக்கிய சரக்குக்குக் கீழே ஒருவன் நடந்தால் போடுகிற சத்தம் அது. எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. வாக்கிடாக்கிக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளை நின்ற இடத்திலேயே கவுனை நனைத்துக்கொண்டாள். அவளைக் கழுவி, துணி மாற்றி, தூங்க வைத்தேன். 

அன்றைக்கே என் அக்காவுக்குப் போன் போட்டேன். பரீட்சை முடிந்ததும் நீ வந்து இவளை அழைத்துப்போ, அங்கேயே படிக்கட்டும் என்றேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அதட்டல் இல்லாத வீடு. அவளுக்குக் கசக்குமா? அடுத்த மாதமே ஒரு சின்னக் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று புடவையை வரிந்து கட்டிக்கொண்டுதான் சொன்னேன். அவர் வாக்கிடாக்கியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார், அதில் துடைக்க ஒன்றுமே இல்லாமல் போன பிறகும்.

அந்தச் சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து வந்தார். குளித்தார். நல்ல சட்டையைப் போட்டார். "எங்க போறீங்க?" என்றதற்கு, "பள்ளிக்கூடத்துக்கு" என்றார். அப்பாக்களுக்கென்று ஒரு வகுப்பு நடக்கிறது, காசு கிடையாது, ரொட்டியும் டீயும் உண்டு என்று தலைமை டீச்சர் என்னைப் பார்க்கிற போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் வந்து சொல்லியிருந்தேன். "அப்பனா இருக்கறதுக்கு ஒரு வகுப்பா? அடுத்து மூச்சு விடறதுக்கும் நடத்துவாங்க" என்று சிரித்த மனிதர்தான் இவர்.

வகுப்பு இரண்டாம் கிளாஸ் அறையில். எல்லாம் மூட்டை தூக்குகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள். குழந்தைகள் உட்கார்கிற பெஞ்சில் முழங்காலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்களாம். ஒரு லோடுமேன் உள்ளே நுழைந்துவிட்டார், வெளியே வர முடியாமல் மூன்று பேர் இழுத்தார்களாம். நடத்துகிறவர் சின்ன வயசுப் பையன். அவருக்கு இரட்டைக் குழந்தைகள், பிறந்து சில மாதம்தான். ஒன்று அம்மாவிடம் இருந்தால் இன்னொன்றை இவர் தோளில் போட்டுக்கொண்டே வகுப்பெடுப்பார். சட்டையில் எப்போதும் பால் கறை. அப்பாக்கள் அவருக்குக் கைக்குழந்தை சார் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

முதல் நாள் சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். உங்கள் பிள்ளை எதற்குச் சிரிக்கும்?  வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏய், அவ எதுக்குச் சிரிப்பா?"

நாக்கு நுனியில் ஒரு பதில் இருந்தது. சூடான பதில்தான். ஆனால் தெரியாத ஊரில் வழி கேட்கிறவர் மாதிரி அவர் கேட்டார். முழுங்கிக்கொண்டு சொன்னேன். சோப்பு நுரையை மூக்கு நுனியில் வைத்தால் சிரிப்பாள். நான் பாட்டை வேண்டுமென்றே தப்பாகப் பாடினால் சிரிப்பாள். ஒரு பொருளை விழுகிற மாதிரி விட்டுப் பிடித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவர் மனப்பாடம் செய்கிற மாதிரி கேட்டுக்கொண்டார்.

வீட்டுப்பாடமும் உண்டு. தினம் பத்து நிமிஷம் பிள்ளையோடு விளையாட வேண்டும். என்ன விளையாட்டு என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்யும். அப்பா கட்டளை போடக் கூடாது, திருத்தக் கூடாது, அது போகிற வழிக்குப் பின்னால் போக வேண்டும். அதற்குத்தான் நாடா. மறுநாள் நாடா இல்லை. ஆனால் சைட்டில் காலையில் எல்லோரையும் நிற்க வைத்து இன்றைக்கு என்ன வேலை, எங்கே ஆபத்து என்று பேசுவார்களே, அதே மாதிரி அவளை எதிரே நிற்க வைத்து, "இன்னைக்கு என்ன விளையாட்டு? என்ன சாமான் வேணும்? சொல்லு" என்றார். "ஒண்ணும் வேணாம்பா" என்றாள் பிள்ளை, கையைக் கட்டிக்கொண்டு. பாராட்டச் சொன்னார்கள் என்று, அவள் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்ததற்கு, "வெரி குட்! பத்திரமா வச்சிட்டே!" என்று ஒரு சத்தம். அவள் தூக்கிவாரிப்போட்டு நின்றாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துகொண்டிருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது. ஆனால் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது, அக்காவும் போனில் நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வாயைக் கொஞ்சம் சும்மா வச்சுப் பாருங்களேன்" என்று சார் சொல்லியிருக்கிறார். அது இவரால் ஆகிற காரியமா? கடைசியில் காற்றடிக்கிற காலம்தான் கை கொடுத்தது. சிமென்ட் தூசியில் நாள் முழுக்கக் கத்தி, தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை.

அன்று சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி லாண்டரியில் பகல் முழுக்க விரிப்பு மடிப்பதே என் பிழைப்பு, வீட்டுக்கு வந்தாலும் அதே. அவர் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் கட்டில்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டிக்குள் பொம்மையை வைத்து, தலை ரிப்பனில் கட்டித் தரைக்கு இறக்கிக்கொண்டிருந்தாள். தனியாக அவள் வழக்கமாக விளையாடுவதுதான். பெட்டி ஆடி ஆடி, நேராக அவருடைய டீ டம்ளர்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய கை எழுந்தது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், சைகை காட்டின கை மட்டும் இருக்குமா? இடது உள்ளங்கையை அசையாமல் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே வலது விரலைத் தரையைப் பார்த்துச் சின்னதாகச் சுற்றினார், மெதுவா இறக்கு என்று.

ரிப்பன் நின்றது. கட்டில் விளிம்பில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அது என்னப்பா?"

அவளாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டு எத்தனை நாளாகிறது என்று எனக்கு நினைவில்லை. அவர் வாயைத் திறந்தார், காற்று வந்தது. பெட்டியைக் காட்டினார், மறுபடியும் விரலைச் சுற்றினார். அவள் ரிப்பனைக் கொஞ்சமாக, மெதுவாக விட்டாள். ஒரு கையை நீட்டி உள்ளங்கையைத் தரைக்குக் காட்டினார். பிடித்துவிட்டாள். டம்ளருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது. பிள்ளை சிரித்தாளே ஒரு சிரிப்பு! மடித்த துணி என் மடியிலிருந்து சரிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

"நீங்க மேல வாங்கப்பா. நான் கீழ நிக்கிறேன்."

அத்தனை பெரிய உடம்பு கட்டில்மேல் ஏறிக் குப்புறப் படுத்தது. பலகை கிரீச்சென்றது. அவள் கீழே நின்று, அவர் செய்த மாதிரியே இடுப்பை நிமிர்த்தி, விரலைச் சுற்றினாள். பெட்டி ஏறியது. உள்ளங்கையைக் காட்டினாள். நின்றது. அப்படியே அவரை நிற்க வைத்துவிட்டு, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். திரும்பிப் பார்த்தால் பெட்டி அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அவருடைய கை அசையவில்லை. அவளுக்கு நம்பவே முடியவில்லை. "அப்பா, நீ இன்னும் பிடிச்சிட்டே இருக்கியா?" என்றாள். நீங்க என்பது எப்போது நீ ஆனது என்று அவளுக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது. அவர் கட்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். ரிப்பனை மட்டும் விடவில்லை.

தொண்டை சரியான பிறகும் விளையாட்டு நிற்கவில்லை. ஒருநாள் அவர் அவளுக்குச் சைட் விதியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை மெதுவான குரல்.

"தூக்கு, இறக்குன்னு காட்டறது ஒரே ஆளுதான். நாலு பேரு காட்டினா மேல இருக்கிறவருக்குக் குழம்பிடும். ஆனா நிறுத்துங்கிறத மட்டும் யாரு வேணா காட்டலாம். ரெண்டு கையையும் இப்படி விரிச்சுக் காட்டினா போதும். டீ கொண்டுவர்றவர் காட்டினாலும் சரி, இன்னைக்குப் புதுசா வந்தவர் காட்டினாலும் சரி. மேல இருக்கிறவர் நிறுத்திடணும். ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது. முதல்ல நிக்கணும், அப்புறம்தான் கேள்வி."

"சின்னப் பிள்ளைங்க காட்டினா?"

"சைட்டுக்குள்ள சின்னப் பிள்ளைங்க வரக்கூடாது."

"வந்தா?"

அவர் யோசித்தார். "வந்து காட்டினா, நிக்கத்தான் வேணும்."

இதெல்லாம் நல்லதுதான். ஆனாலும் நான் அக்காவிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த 'ஏய்' என் காதை விட்டுப் போகவில்லை. பரீட்சை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். அந்த வாரத்தில் ஒருநாள், பலத்த காற்றால் வேலை நின்று, எஞ்சினியர் எரிந்து விழுந்து, இவர் கடுகடுவென்று வீடு வந்தார். தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"இன்னும் எதுக்கு அவளை அனுப்பணும்? அதான் எல்லாம் சரியாயிருச்சே."

"ஒரு நாள் மழைக்குக் குளம் நிரம்பிடுமா?"

"நான் என்ன பேயா? பிசாசா? என் பிள்ளைய என்கிட்டயிருந்து பிரிக்க நீ யாரு?"

"கத்தாதீங்க."

"கத்துவேன்! என் வீடு, நான்..."

டம்ளர் இருந்த கை தலைக்குமேலே போயிருந்தது. என்மேல் எறியப் போனாரா, சுவரில் அடிக்கப் போனாரா, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் பிறகு சொன்னார். அவருடைய கண் என்னைத் தாண்டி எங்கோ போனது. திரும்பினேன். கதவோரம் மகள் நின்றாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் முழுசாக விரித்து, உள்ளங்கை தரையைப் பார்க்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு. 

அவர் நின்றார். வாய் திறந்தபடி இருந்தது. தூக்கிய கை தூக்கியபடி. டம்ளரிலிருந்து தண்ணீர் அவர் முழங்கை வழியாகச் சொட்டியது. அதைத் துடைக்கவோ, கையை மாற்றவோ அவர் அசையவில்லை. பக்கத்து வீட்டு டிவி கேட்டது. மகள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். பிறகு இன்னொன்றை. அப்பா நின்றுவிட்டார் என்பது அவளுக்கே அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். விரித்த கைகளை மடக்கி, இடது உள்ளங்கையை வைத்து, அதற்குக் கீழே விரலைத் தரையைப் பார்த்துச் சின்னதாகச் சுற்றினாள்.

கை இறங்கியது. மெதுவாக. டம்ளர் தரைக்கு வந்தது. அதோடு சேர்ந்து அவரும் இறங்கி உட்கார்ந்தார். சத்தமில்லாமல் அழுதார். நானும் அழுதேன், எனக்கு என்ன வெட்கம். பிள்ளை மட்டும் அழவில்லை. கவுனும் நனையவில்லை.

சனிக்கிழமை வகுப்பில் இதை எல்லோர் முன்னாலும் அவரே சொன்னாராம். லோடுமேன், "எங்க வீட்லயும் பிள்ளைங்களுக்குக் காட்டிக் குடுக்கணும்" என்றாராம். சார் குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாராம். அந்தச் சாரை நான் நேரில் பார்த்ததில்லை. பால் கறைச் சட்டையோடு அவர் எங்கே இருந்தாலும், அந்த இரண்டு குழந்தைகளும் நன்றாக இருக்க வேண்டும். ஒருநாளும் சைகை இல்லாமல் சரக்கை அசைக்காத அந்த ஆபரேட்டர் அண்ணனும் நன்றாக இருக்க வேண்டும். அவரைப் பார்த்துப் பார்த்துத்தானே இவருக்கு நிற்பது என்றால் என்னவென்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். "அனுப்ப வேண்டாம்னு சொல்லிடவா?" என்று முந்தின நாள் நானே அவரைக் கேட்டிருந்தேன். அவர்தான் தலையாட்டி மறுத்தார். "அங்க அவ நிம்மதியா இருப்பான்னா இருக்கட்டும். லீவு நாள்ல நான் போய்ப் பாக்கறேன்" என்றார். அவளுடைய துணிகளை அவரே மடித்தார். என் கண்ணுக்கு அது மடிப்பே இல்லை, ஆனாலும் நான் கலைக்கவில்லை. சோப்புப் பெட்டியையும் ரிப்பனையும் மேலாக வைத்து ஜிப்பை இழுத்தார். நான் அக்காவிடம் பேசினேன், அக்கா என்னிடம் பேசினாள், அவர் எங்கள் இருவரிடமும் பேசினார். பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. அக்கா ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டாள். "சீக்கிரம் ஏத்துங்க மாப்பிள்ளை" என்று உள்ளேயிருந்து கை நீட்டினாள். மகள் படியில் ஏறி நின்று எங்கள் பக்கம் திரும்பினாள். அவர் பையை ஒரே கையால் தூக்கினார். ஜன்னல் உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

படியிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டது. உள்ளங்கை தரையைப் பார்த்தது.

பை நின்றது. அக்காவின் விரலுக்குக் கொஞ்சம் கீழே, காற்றில்.

"என்னங்க, நேரமாச்சு" என்றார் கண்டக்டர். "என்னடி ஆச்சு?" என்று அக்கா கேட்டது என்னைத்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டில் வாங்கினோம், நாள் குறித்தோம், துணி மடித்தோம். போகிறாயா என்று அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. நேராக அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்டக்டரைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவள் கையை மட்டும் பார்த்தார். பை கனம்தான், புத்தகமெல்லாம் அதற்குள். முழங்கை நரம்பு புடைத்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். ஏற்றுவதா இறக்குவதா, இனி அவள்தான் காட்ட வேண்டும். நீட்டிய உள்ளங்கை மெல்ல மடங்கியது. அதிலிருந்து ஒரே ஒரு விரல் நீண்டது.